காவடிப் பூட்டைத் திருடிய வெள்ளைக்காரன்

முட்டாள்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐரோப்பாக் கண்டமே ஒன்றுசேர்ந்து, திருச்சி தென்னூரில் கீற்றுக் கொட்டகைக்குள் இருந்த எங்கள் குஸ்திக் கோதாவிலிருந்து ஒரு பிடியைத் திருடிக்கொண்டு போய்விட்டது என்று நான் நம்பினேன். ஏதோ கோப வேகத்தில் ஒரு மணி நேரம் நம்பியது இல்லை. மூன்று நான்கு நாள் நம்பினேன். சாப்பிட்டுக்கொண்டே நம்பினேன். பஸ்ஸில் தொங்கிக்கொண்டே நம்பினேன்.

அப்போது எனக்கு வயது இருபத்தைந்து இருக்கும். கணக்கில் பட்டம் வேறு வாங்கியிருந்தேன்.

இப்போது ஏன் இது ஞாபகம் வந்தது என்றால், போன வாரம் எங்கள் தெருமுனையில் ஒரு கராத்தேப் பள்ளி திறந்தார்கள். திறப்பு விழாவில் ஒரு பெரிய மனிதர் மைக்கைப் பிடித்து, உலகத்தில் எவன் எவனை உதைத்தாலும் அந்த உதை நம்மிடமிருந்து போன உதைதான் என்று முழங்கினார். கூட்டம் கைதட்டியது. நான் எழுந்து வந்துவிட்டேன். வந்த கோபத்தில் யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு வந்திருக்கிறேன் என்பது வீட்டு வாசலில்தான் தெரிந்தது.

கோபம் அந்தப் பெரிய மனிதர் மேல் இல்லை. அவர் பாவம், பேச வந்தார், பேசினார்.

இறகுத் தொப்பிக்காரர்கள்

திருவெறும்பூர்ப் பக்கம், தஞ்சாவூர் சாலையில் ஒரு பெரிய தொழிற்சாலை எழும்பிக்கொண்டிருந்த காலம். அதன் வரைபடப் பிரிவில் நான் டிரேசர். மேஜைமேல் இருக்கும் படத்தின் மீது மெழுகுத்துணியை விரித்து, மை தொட்டு, கோட்டுக்குக் கோடு பிரதி எடுக்க வேண்டும். பக்கத்து அறையில் நகல் எடுக்கும் இயந்திரம். அதிலிருந்து வரும் அமோனியா நெடி சட்டையில் ஏறிக்கொள்ளும். ஸ்ரீரங்கத்தில் வீட்டு வாசலை மிதிக்கும்போதே உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வரும்: "குளிச்சுட்டு உள்ளே வா. எதையும் தொடாதே."

இயந்திரங்களைப் பொருத்த வந்த வெளிநாட்டு இன்ஜினீயர்களில் ஒருவருக்கு நீளமான செம்பட்டைத் தாடி. பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. தாடித் துரை என்று வைத்துவிட்டோம். சுதந்திரம் வந்து எத்தனையோ வருஷம் ஆகியும் துரை என்ற சொல் மட்டும் எங்கள் வாயைவிட்டு ஊருக்குப் போகவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவர் ஒரு கனத்த புத்தகத்தைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார். ஒரு பக்கத்தைத் திறந்து, "இந்தப் படத்தைப் பெரிதாக வரைந்து கொடுக்க முடியுமா? என் அறைச் சுவரில் மாட்ட வேண்டும்" என்று அவருக்கும் எனக்கும் சமமாகத் தெரியாத ஆங்கிலத்தில் கேட்டார். தலையாட்டினேன். அவர் போய்விட்டார்.

படத்தைப் பார்த்தேன். கறுப்புக் கோட்டில் இரண்டு வெள்ளைக்காரர்கள். தொப்பியில் இறகு. கால்சட்டை பூசணிக்காய் மாதிரி உப்பியிருந்தது. முன்னால் நிற்பவன் பின்னால் நிற்பவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அவனுடைய ஒரு கையை இழுத்துத் தன் தோள்மேல் போட்டிருந்தான். உள்ளங்கை வானம் பார்த்திருந்தது. மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே அழுத்திக்கொண்டிருந்தான். பின்னால் இருந்தவன் கட்டைவிரலில் நின்று வாயைப் பிளந்திருந்தான். இன்னும் ஓர் அங்குலம் அழுத்தினால் முழங்கை போய்விடும்.

எனக்கு உள்ளங்கால் வேர்த்தது. அது எங்கள் காவடிப் பூட்டு.

மற்ற பக்கங்களைப் புரட்டினேன். உள்கால் கொக்கி போட்டுச் சாய்ப்பது இருந்தது. இடுப்பை வளைத்துத் தூக்குவது இருந்தது. துவைகல்லில் துணியை அடிப்பதுபோல் தோளுக்கு மேலே தூக்கி ஆளைத் தரையில் அடிப்பது இருந்தது. சுண்டுவிரலை மட்டும் தனியாகப் பிடித்து முறுக்குவதுகூட இருந்தது. எங்கள் கோதாவில் ஒருவன் வருஷக்கணக்கில் மண் தின்று கற்றுக்கொள்வதையெல்லாம் இந்த இறகுத் தொப்பிக்காரர்கள் பக்கத்துக்கு இரண்டாகச் செய்துகொண்டிருந்தார்கள்.

புத்தகம் எந்தக் காலத்தது என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். துரை ஐம்பதடி தூரத்தில்தான் இருந்தார். கேட்கவில்லை. கோபம் வந்தவனுக்குக் கேள்வி கேட்க நேரம் ஏது.

நாக்கில் வைத்த மண்

காவடிப் பூட்டுக்கு ஏன் இத்தனை பதற்றம் என்பதைச் சொல்ல வேண்டும்.

தென்னூர் கோதாவை நடத்தியவர் சுந்தரம் வஸ்தாது. பகலில் மரம் விற்கும் மரவாடிக்கு முதலாளி, மாலையில் எங்களுக்கெல்லாம் எஜமான். கழுத்து என்ற ஒன்று அவருக்கு இருந்ததாக நினைவில்லை. கோதாவில் எல்லாரும் உண்டு. மரவாடிக்காரர்கள், ஜவுளிக்கடைப் பையன்கள், பாய்மார்கள். நடுவில் ஸ்ரீரங்கத்திலிருந்து ஆற்றைத் தாண்டிவந்து தண்டால் எடுக்கும் ஒரே ஐயங்கார் நான். என் நெஞ்சைப் பார்த்து, "சாமி, மூச்சை உள்ளே இழுக்காதீங்க, விலா எலும்பை எண்ணிடலாம் போல இருக்கு" என்பார்கள்.

பொதுவான பிடிகளை எல்லாருக்கும் சொல்லித்தருவார்கள். காவடிப் பூட்டை மட்டும், தேறியவனுக்குத்தான். கதவைச் சாத்துவார்கள். கோதாவின் செம்மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைப்பார்கள். வெளி ஆளுக்குச் சொல்லவும் மாட்டேன், காட்டவும் மாட்டேன் என்று அந்த மண்ணை விழுங்கிக்கொண்டே சொல்ல வேண்டும். எந்தச் சாமி பெயரும் கிடையாது. எல்லா மதத்துக்காரனும் இருக்கும் இடம், ஆகவே மண். எண்ணெயும் மஞ்சளும் மோரும் ஊற்றிப் பதப்படுத்திய மண். புளித்த ருசி. எனக்குப் பிடி தேறவில்லை. ஆனால் கணக்கு எழுதித்தருகிறவன் என்ற சலுகையில் எனக்கும் மண் கொடுத்துவிட்டார்கள். பிடியை ஒருமுறை போட்டுப் பார்த்தபோது என் கைதான் சுளுக்கிக்கொண்டது.

அந்தப் பூட்டை உண்மையில் போடத் தெரிந்தவன் காதர். தென்னூர்க்காரன், என் வயது, எங்கள் தொழிற்சாலையிலேயே ஜீப் டிரைவர். அவன் எதிராளியின் கையைத் தோளில் போடுவது, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொள்வது மாதிரி இருக்கும். அந்தத் தை மாதம் தஞ்சாவூர்ப் பயில்வானோடு எங்கள் சார்பில் இறங்க அவனைத்தான் பேசி வைத்திருந்தார்கள். அதற்காக இரண்டு வருஷமாக அவன் வேறு எதையும் நினைக்கவில்லை. கல்யாணப் பேச்சு வந்தால்கூட, "தை முடியட்டும்மா" என்று அவன் அம்மாவிடம் சொல்லிவிடுவான்.

அவனுக்கு அடுத்த இடத்தில் இருந்தவன் தனபால். வஸ்தாதின் தங்கை மகன்.

காதரும் நானும் 'டா' போட்டுப் பேசுகிறவர்கள். சாயங்காலம் துரைகளைக் கண்டோன்மென்ட்டில் இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் என்னைப் பஸ் நிறுத்தத்தில் பார்த்தால் ஜீப்பை நிறுத்துவான். "ஏறுடா ராகவா. பஸ்ஸுல போனா உன்னைக் கசக்கிப் பிழிஞ்சுடுவாங்க, அப்புறம் பிழியறதுக்கு எங்களுக்கு என்ன மிச்சம் இருக்கும்."

இட்லி தின்ற ஹங்கேரிக்காரன்

இதற்கு முன்பே எனக்கு ஓர் எச்சரிக்கை கிடைத்திருந்தது. கல்லூரியில் படித்த காலத்தில், ஐம்பதுகளின் கடைசியில், ஊரில் டிக்கெட் போட்டுக் குஸ்தி காட்டினார்கள். நாலு பக்கம் கயிறு கட்டிய மேடை. ஹங்கேரியிலிருந்து வந்ததாக ஒருவனை ஏற்றினார்கள். பஞ்சாபி ஒருவனோடு மோதவிட்டார்கள். ஹங்கேரிக்காரன் உள்கால் கொக்கி போட்டான். அப்படியே எங்கள் ஊர்க் கொக்கி.

என் பக்கத்தில் இருந்தவர் சொன்னார்: "பாத்தீங்களா, நம்ம பிடி. இங்க வந்து எவன்கிட்டயோ கத்துக்கிட்டிருக்கான்."

"எப்ப வந்தானாம்?"

"காலைலதான். ஜங்ஷன்ல இட்லி சாப்பிட்டானாம், என் மச்சான் பாத்தான்."

காலையில் வந்து, இட்லி சாப்பிட்டு, மத்தியானத்துக்குள் ஒரு குஸ்தி வித்தையைக் கற்று, சாயங்காலம் மேடையில் போட முடியுமா என்று நான் யோசிக்கவில்லை. ஆமாம் என்று தலையாட்டினேன். தலையாட்டுவதில் எனக்குச் சின்ன வயதிலிருந்தே நல்ல பயிற்சி.

வீரன் செய்த காரியம்

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருவோம். துரைக்காகப் படத்தை மை தொட்டு வரைந்தேன். ஒவ்வொரு கோட்டுக்கும் என் ரத்தம் கொதித்தது. முடித்ததும் அமோனியா இயந்திரத்தில் திருட்டுத்தனமாக ஒரு நகல் எடுத்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மாலையில் நேராகக் கோதாவுக்குப் போனேன். நாட்டுப்பற்று நெஞ்சை அடைத்தது. அல்லது அமோனியாவோ.

காதர் அன்றைக்கு இல்லை. வேறு இரண்டு துரைகளை ஏற்றிக்கொண்டு மதுரைப் பக்கம் போயிருந்தான், சனிக்கிழமைதான் வருவான்.

வஸ்தாது படத்தை விரித்துப் பார்த்தார். தனபால் பார்த்தான். பஸ்கி போட்டுக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டு வந்து பார்த்தார்கள். என்னை மெச்சிக்கொள்ளப் போகிறார்கள் என்று காத்திருந்தேன்.

வஸ்தாது கேட்டார்: "இது உன் கைக்கு எப்படி வந்துச்சு?"

"வெள்ளைக்காரத் துரை புஸ்தகத்துல இருந்துச்சுங்க. நான்தான் வரைஞ்சேன்."

"நீ வரைஞ்சியா."

"பாத்து வரைஞ்சேங்க."

"அந்த ஃபேக்டரில நம்ம கோதா ஆளுங்க எத்தனை பேர் வேலை பாக்குறீங்க?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. திருட்டைக் கண்டுபிடித்துச் சொல்ல வந்த வீரன், திருடர்கள் பட்டியலில் முதல் ஆளாக நின்றுகொண்டிருந்தேன். மண்ணை விழுங்கிவிட்டு வித்தையைக் காட்டியவனை என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். கோதாவின் நடுவில் நிறுத்தி, லங்கோட்டை வாங்கிக்கொண்டு, அவன் நின்ற இடத்து மண்ணை வாரி வெளியே கொட்டுவார்கள். பிறகு திருச்சியில் எந்தக் கோதாவும் அவனைச் சேர்க்காது. எங்கள் வீட்டுக்கு வேறு தகவல் போகும். சேற்றில் உருள்வதற்காக நான் ஆற்றைத் தாண்டிப் போகிறேன் என்பது அப்பாவுக்கு அதுவரை தெரியாது. இங்கிலீஷ் டியூஷன் என்று சொல்லியிருந்தேன்.

"ரெண்டு பேருங்க. நானும் காதரும்."

"ரெண்டுல யாரு?"

"நான் இல்லீங்க."

"அப்ப?"

"காதர்தான் ஜீப் ஓட்டுறான். துரைங்களோட எப்பவும் அவன்தான் இருக்கான்."

"அவன் காட்டினதை நீ பாத்தியா?"

இந்த இடத்தில் இல்லை என்று ஒரு சொல். மூன்று எழுத்து. எனக்கு வாய் இருந்தது, நாக்கு இருந்தது.

"பாத்தேங்க" என்றேன்.

வெறும் பொய்யைச் சொல்லி நிறுத்தவும் தெரியவில்லை. பயம் வந்தால் எனக்கு விவரம் பெருகும். ஜீப் பக்கத்தில் நின்று, துரையின் கையைத் தோளில் போட்டு, காதர் இப்படித் திரும்பி, அப்படிக் குனிந்து என்று நடித்தே காட்டினேன். என்னால் ஒருநாளும் சரியாகப் போட முடியாத பூட்டு, அன்றைக்கு ஆளே இல்லாமல் அச்சாக விழுந்தது.

தனபால் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அவன் பஸ்கி போடத் திரும்பிப் போனபோது, எண்ணிக்கையைச் சத்தமாகச் சொன்னான்.

துரையின் தாத்தா

வெள்ளிக்கிழமை, வரைந்த படத்தைத் தாடித் துரையிடம் கொடுத்தேன். கொடுக்கும்போது கண்டிப்பான குரலில் கேட்டேன்: "இதை உங்களுக்கு யார் காட்டியது?"

அவருக்குக் கேள்வி புரியவில்லை. புத்தகத்தின் முன் பக்கத்தைத் திறந்து காட்டினார். ரோமன் எழுத்தில் வருஷம் போட்டிருந்தது. கணக்குப் பட்டதாரி விரல் விட்டுக் கூட்டினேன். இரண்டாவது முறையும் கூட்டினேன். அந்தப் படம் செதுக்கப்பட்டு ஏறக்குறைய நானூறு வருஷம் ஆகியிருந்தது. அவர் கையில் இருந்தது பிற்காலத்தில் போட்ட மறுபதிப்பு.

இளமையில் அவரும் தன் ஊரில் மல்யுத்தம் செய்தவராம். "ஜப்பான்காரன் ஒருவன் ஜூடோ போட்டதைப் பார்த்திருக்கிறேன். இதே தூக்கு, இதே கால்கொக்கி" என்றார். "எங்கள் ஊர்க்காரர்கள் அவன் எங்களிடம் கற்றுக்கொண்டான் என்றார்கள்."

"உங்கள் ஊரிலும் அப்படிச் சொல்வார்களா?"

"ஜப்பான் கிடக்கட்டும். பக்கத்து ஊர் ஆறு மைல். அந்த ஊர்க்காரன் எங்கள் பிடியைத் திருடினான் என்று என் தாத்தா அவனோடு சாகும்வரை பேசவில்லை. அவன் என் பாட்டியின் தம்பி."

சொல்லிவிட்டுப் பெரிதாகச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு கண்டத்துக்கும் பொதுவாக இருந்தது பூட்டு மட்டும் இல்லை. அதைத் தன் சொத்து என்று எண்ணும் திமிர், ரகசியம் என்று வைக்கும் வேலி, திருடிவிட்டான் என்று கைநீட்டும் விரல், எல்லாம் அச்சு அசல் ஒன்றுதான். அந்த விரல்களில் ஒன்று என்னுடையது.

நியாயமாக நான் அன்றைக்கே மரவாடிக்கு ஓடிப்போய், நான் பார்த்ததாகச் சொன்னது பொய் என்று சொல்லியிருக்க வேண்டும். அதற்கு இரண்டு நிமிஷம் போதும். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஆராய்ச்சி செய்தேன்.

தூணைச் சேவித்தவன்

சனிக்கிழமை சாயங்காலம் ஸ்ரீரங்கம் பெரிய கோயிலில் மண்டபம் மண்டபமாகத் தூண்களைக் குனிந்து பார்த்துக்கொண்டு வந்தேன். மல்லர்கள் எங்கேயோ செதுக்கியிருந்தது நினைவில் இருந்தது. ஒரு தூணின் அடியில், முழங்கால் உயரத்தில், கிடைத்தார்கள். இரண்டு பேர். ஒருவன் முதுகைத் திருப்பி, மற்றவன் கையைத் தோள்மேல் போட்டிருந்தான். உள்ளங்கை மேலே. காவடிப் பூட்டு. வருகிறவர் போகிறவரெல்லாம் விரலில் மிஞ்சிய குங்குமத்தையும் எண்ணெயையும் துடைத்து, அந்த இரண்டு பேருக்கும் மூக்கு முழி இல்லாமல் போயிருந்தது.

நான் மண்டியிட்டு உட்கார்ந்து, என் கையை என் தோள்மேல் போட்டுச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் குரல் கேட்டது. புஷ்ப கைங்கர்யம் செய்யும் சம்பத் மாமா, பூக்குடலையோடு நின்றார்.

"என்னடா ராகவா, பெருமாளைச் சேவிக்க வந்தயா, தூணைச் சேவிக்க வந்தயா?"

"மாமா, இந்தச் சிற்பம் எத்தனை நாளா இங்கே இருக்கு?"

"நன்னா கேட்டே போ. எங்க தாத்தா குழந்தையா இருக்கச்சே இதும்மேல சாஞ்சுண்டு பிரசாதம் சாப்பிட்டாராம். ஏன், ஏதாவது தோஷமா?"

"இது ரகசியம் மாமா."

அவர் தூணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ரகசியத்தை எவனாவது கல்லுல செதுக்கி நாலு பேர் நடமாடற இடத்துல வைப்பானோ? ஆத்துக்குப் போய்த் தூங்கு. கண்ணெல்லாம் சிவந்திருக்கு."

எனக்கு இரண்டாவது ஆதாரமும் கிடைத்துவிட்டது. துரையின் புத்தகம் நானூறு வருஷம். தூணும் இன்றைக்கோ நேற்றைக்கோ நட்டது இல்லை. மண்ணை நாக்கில் வைத்து நாங்கள் காத்த ரகசியம் ஊர் கை துடைக்கும் இடத்தில் நின்றுகொண்டிருந்தது. வீட்டுக்குப் போய் இரண்டையும் வரிசையாக ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். மூன்றாவதாக எழுத வேண்டியது ஒன்று இருந்தது. தாளில் இடம் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை

வஸ்தாது சொல்லியனுப்பியிருந்ததால் கோதாவில் முப்பது பேர் இருந்தார்கள். கதவைச் சாத்தியிருந்தார்கள். காதர் நடுவில் நின்றான். மதுரைப் பயணத்திலிருந்து முந்தின நாள்தான் திரும்பியிருந்தான். எதற்குக் கூப்பிட்டார்கள் என்றே அவனுக்குத் தெரியாது. என்னைப் பார்த்து, என்னடா இது என்று புருவத்தை உயர்த்தினான். நான் தாளைப் பார்த்தேன்.

வஸ்தாது நகலை அவன் முன்னால் போட்டார். "துரைக்குக் காட்டினியா?"

காதர் படத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவனுக்குக் கோபம் வரவில்லை. வேடிக்கையாக இருந்தது போலும். "இவன் கால் தப்பா வச்சிருக்கான் வஸ்தாது. நான் காட்டியிருந்தா கால் இங்கயா இருக்கும்?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"காட்டலை."

இந்த இடத்தில் நான் எழுந்தேன். தாளை விரித்து, புத்தகத்தின் வயதைச் சொன்னேன். நானூறு வருஷத்துக்கு முன்னால் காதர் பிறக்கவில்லை என்பதையும் கணக்குப் போட்டு விளக்கினேன். பிறகு தூணைச் சொன்னேன். வேண்டுமென்றால் எல்லாரும் வாங்க, காட்டுகிறேன் என்றேன். குரல் நடுங்காமல் பேசினேன். என்ன நேர்த்தி, என்ன ஆதாரம். இன்றைக்கு அதை நினைத்தால் எனக்கு என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

வஸ்தாது பொறுமையாகக் கேட்டார். "அப்ப நானூறு வருஷத்துக்கு முன்னாடி எவனோ ஒருத்தன் காட்டிக் குடுத்திருக்கான்."

"அதுக்குக் காதர் என்ன பண்ணுவான் வஸ்தாது?"

"அவன் அப்ப காட்டினான். இவன் இப்ப காட்டினான்."

"தூணு?"

"தூணு பேசாது. இவன் வாய் பேசும்."

சிரித்தார்கள். தனபால் மட்டும் சிரிக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு கட்டைவிரலால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தான். அங்கே இருந்த முப்பது பேருக்கும், தை மாதம் யார் இறங்கப் போகிறார்கள் என்று அந்த நிமிஷம் தெரிந்துவிட்டது. ஒருவனும் வாய் திறக்கவில்லை. வஸ்தாதின் மரவாடியில் பாதிப் பேருக்கு வேலை. மீதிப் பேருக்கு அவர் தயவு. எல்லாரும் பத்துக் குடம் தண்ணீர் தூக்குகிற தோள்காரர்கள்.

காதர் அப்போதுதான் புரிந்துகொண்டான். முகம் மாறியது. அவன் யாரையும் கெஞ்சவில்லை. தன் வலது கையை நீட்டி மடக்கிக் காட்டினான்.

"வஸ்தாது, இது இந்தப் பக்கம்தான் மடங்கும். உங்களுதும் அப்படித்தான். தஞ்சாவூர்க்காரனுக்கும் அப்படித்தான். வெள்ளைக்காரனுக்கு முழங்கை வேற பக்கம் மடங்குதா? கையி மடங்காத பக்கம் எதுன்னு கண்டுபிடிக்க எவனுக்காவது ஒருத்தன் சொல்லித்தரணுமா? சண்டை போட்டவன் எவனா இருந்தாலும் ஒரு நாள் அவனே கண்டுபிடிப்பான்."

இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேர் கீழை நாடு, மேலை நாடு, யாரிடமிருந்து யார் கற்றார்கள் என்று எழுதியதைப் படித்துவிட்டேன். ஒரு ஜீப் டிரைவர் அன்றைக்கு நாலு வரியில் சொன்னதற்கு மேல் எவரும் எனக்கு எதையும் சொல்லவில்லை.

வஸ்தாது அசையவில்லை. "நல்லாப் பேசுற. ஆனா உன்னைப் பாத்த ஆள் இருக்கு."

"யாரு?"

"அது உனக்கு வேண்டாம்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். காதரும் அந்தக் கண்களின் வழியே வந்து என்னைப் பார்த்தான். வஸ்தாது மெதுவாகக் கேட்டார்: "என்ன ராகவா, பாத்தது பாத்ததுதானே?"

கதவுப் பலகைகளுக்கு நடுவில் காலை வெயில் கோடு கோடாக விழுந்திருந்தது. மண்ணில் மோர் வாடை.

நான் சொன்னேன்: "அன்னைக்கு வெளிச்சம் சரியா இல்லீங்க."

நட்டநடுப் பகலில் ஜீப் பக்கத்தில் பார்த்ததாகத்தான் செவ்வாய்க்கிழமை நடித்துக் காட்டியிருந்தேன். அதை யாரும் நினைவுபடுத்தவில்லை. பொய் என்று நான் சொல்லவில்லை. உண்மை என்றும் சொல்லவில்லை. எனக்கு அது பெரிய சாமர்த்தியமாகப் பட்டது. என் சரித்திரத்திலேயே அதைவிடக் கேவலமான ஒரு வாக்கியத்தை நான் பேசியதில்லை. பிற்காலத்தில் எழுத்தாளனாகிவிட்டதால் பேசியதெல்லாம் அச்சிலும் வந்திருக்கிறது, ஆகவே ஒப்பிட்டுப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

காதர் ஆணியில் தொங்கிய தன் லங்கோட்டை எடுத்து, நாலாக மடித்து, வஸ்தாதின் காலடியில் வைத்தான். அவன் நின்ற இடத்து மண்ணை இரண்டு பேர் கூடையில் வாரினார்கள். அது வெளியே கொட்டப்படும் வரைக்கும் அவன் நின்று பார்த்தான். பிறகு கதவைத் தானே திறந்துகொண்டு போனான்.

நடந்தது

தை மாதம் எங்கள் சார்பில் தனபால் இறங்கினான். தஞ்சாவூர்க்காரன் அவனை எத்தனை நேரத்தில் சாய்த்தான் என்று கேட்காதீர்கள். டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே வந்து உட்காருவதற்குள் முடிந்துவிட்டது என்று ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் சண்டை போட்டார். அவன் சாய்ந்தது காவடிப் பூட்டில். தஞ்சாவூர்க்காரனுக்கு அதை யார் காட்டிக்கொடுத்தது என்று எங்கள் கோதாவில் யாரும் விசாரிக்கவில்லை.

காதர் அதற்குப் பிறகு எந்தக் கோதாவிலும் இறங்கவில்லை. ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்தான். பஸ் நிறுத்தத்தில் என்னைப் பார்த்தால் எப்போதும்போல் நிறுத்தினான். "ஏறுங்க" என்பான். ஸ்ரீரங்கம் போகும் பஸ் கிடைக்கும் இடம் வந்ததும் "இறங்குங்க" என்பான். நடுவில் ஒன்றும் பேச மாட்டான். இரண்டு முறை ஏறினேன். மூன்றாவது முறை ஜீப் வருவதைப் பார்த்ததும் டீக்கடைக்குள் நுழைந்துகொண்டேன்.

காதர் யாருக்கும் எதையும் காட்டவில்லை. நான் எதையும் பார்க்கவில்லை. பார்த்ததாகச் சொன்னது பொய் என்பதை நான் வஸ்தாதிடமும் சொல்லவில்லை, காதரிடமும் சொல்லவில்லை. அந்தக் கோதாவுக்கு நான் அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் போய்க்கொண்டிருந்தேன்.